ஒரு தடவை கூப்பிட்டால்

இங்கிலீஷில் செய்கிறவள் ஐ, வாங்கிக் கட்டிக்கொள்கிறவள் மீ. இவ்வளவுதான் விஷயம், இதைச் சொல்லவா இத்தனை பக்கம் அச்சடித்திருக்கிறார்கள் என்று நான் கேட்டபோது கிரேஸ்லின் டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கனிஷ்காம்மா, என்னச் சிரிக்க வைக்காதீங்க, உள்ள ஒருத்தன் உதைக்கான்." கீழ்வீட்டு டீச்சர், எட்டு மாதம், வீட்டுக்காரர் கப்பலில். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு, ஆனாலும் டீச்சர் என்றால் டீச்சர்தான். நாளைக்குக் காலையில் கனிஷ்காவுக்கு எல்.கே.ஜி. அட்மிஷன், பிள்ளையை மட்டுமில்லை, பெற்றவர்களையும் இங்கிலீஷில் ரெண்டு வார்த்தை கேட்பார்களாம். கேட்கட்டுமே. கரிசல்காட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான், அதற்காக வாயா இல்லாமல் போச்சு. சின்ன வெங்காயத்தைச் சுளகில் கொட்டிக்கொண்டு, டீச்சர் கொடுத்த தாளைக் காற்றில் பறக்காமல் சொம்பை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். காற்று எங்கே வந்தது, கரண்டே இல்லை, மாசத்துக்கு ஒருநாள் நிறுத்துகிற கரண்ட். ஃபேன் இல்லாமல், மிக்சி இல்லாமல், எதிர்வீட்டு டிவி இல்லாமல் இந்த ஹவுசிங் போர்டு கட்டடம் இப்படிச் சத்தமே இல்லாமல் கிடக்கும் என்பதை இன்றைக்குத்தான் கவனித்தேன். கனிஷ்காவின் தம்பி சேலைத் தொட்டிலில் தூங்குகிறான். என் வீட்டுக்காரர் கனிஷ்காவைக் கூட்டிக்கொண்டு முடிவெட்டவும் ஷூ வாங்கவும் போயிருக்கிறார். ஐ பீல் த ஆனியன், நான் வெங்காயம் உரிக்கிறேன். த ஆனியன் மேக்ஸ் மீ க்ரை, வெங்காயம் என்னை அழ வைக்கிறது. உரிக்கிறவளும் நான், அழுகிறவளும் நான், ஒரே ஆள்தான், ஒரே சுளகுதான், ஆனால் முன்னால் நின்றால் ஒரு பேர், பின்னால் நின்றால் இன்னொரு பேர். மாமியார் வீட்டுக்கு வந்த புதிதில் எனக்கும் இப்படித்தான் இருந்தது என்று நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

அவரைச் சொல்லும்போதுதான் நாக்கு மடங்குகிறது. ஹீ என்றால் அவன். கட்டினவரை அவன் என்று சொல்ல வருமா? வேறே வழியில்லையா டீச்சர், மரியாதையாக ஒரு ஹீ கிடையாதா என்று கேட்டேன். "இங்கிலீஷ்ல எல்லாரும் அவன்தான், கலெக்டரும் அவன்தான்." சரி, அவன் என்றே வைத்துக்கொள்வோம், பேரைச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டால்? ஹிஸ் நேம் இஸ் என்று சொல்லிவிட்டு நிற்க வேண்டியதுதான். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேர் என் வாயிலிருந்து வந்ததில்லை, ஆஸ்பத்திரியில் கேட்டபோதுகூட ரேஷன் கார்டை எடுத்து நீட்டினேன். ராத்திரி அவரிடம் சொன்னதற்கு, "ஏளா, நீ ஹிம்முனு என்னயக் கைய காட்டிரு, நான் எந்திரிச்சு நிக்கேன்" என்றார். நல்ல ஆள். கையைக் காட்டினால் ஹிம்தான், சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், படிக்காமலே வந்துவிட்டது பார். வெங்காயத் தோல் காலோடு ஒட்டுகிறது. அடுத்த கேள்வி. இதுவரைக்கும் கஷ்டமில்லை, கஷ்டம் எனக்கு என்கிற வார்த்தையில்தான். எனக்குப் பசிக்குது என்பதை நான் மீ ஹங்கிரி என்று சொல்ல, டீச்சர் தலையை ஆட்டி, ஐ ஆம் ஹங்கிரி என்றார். நான்தான் பசி என்று சொல்கிற மாதிரி. நம்ம பேச்சில் பசி என்னைத் தேடி வருகிறது, தூக்கம் எனக்கு வருகிறது, பயம் எனக்கு வருகிறது, அது பாட்டுக்கு வந்து ஏறிக்கொள்கிறது, நான் என்ன செய்ய. இங்கிலீஷ்காரனுக்கு எல்லாம் அவனே செய்ய வேண்டும். பசிக்கும் அவனே ஆள், பயத்துக்கும் அவனே ஆள். ஐ ஆம் அஃப்ரெய்ட், ஐ ஆம் அஃப்ரெய்ட் என்று வெங்காயத்துக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், பயம் ஒன்றும் இல்லாமல், பாட்டு மாதிரி, அப்போதுதான் கூப்பிட்டது.

முப்பிடாதி.

ஏன் என்று கேட்கத் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். கத்தி பாதி வெங்காயத்தில் நிற்கிறது. பாத்ரூமுக்குப் பின்னால் குழாய் இறங்குகிற சந்திலிருந்து வந்த மாதிரியும் இருந்தது, வாசல்பக்கமிருந்து வந்த மாதிரியும் இருந்தது. ஆண் குரலா பெண் குரலா என்றால் சொல்லத் தெரியவில்லை. கூப்பிட்டது, அவ்வளவுதான். இரு, அவசரப்படாதே, மறுபடி கூப்பிடட்டும். எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும், உச்சிவெயிலிலோ விளக்கு வைக்கிற நேரத்திலோ வெளியே இருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவைக்கு ஏன் என்று கேட்கக்கூடாது, வாரேன் என்று சொல்லக்கூடாது. மனுசர் என்றால் மறுபடி கூப்பிடுவார்கள். அது ஒரு தடவைதான் கூப்பிடும். பதில் சொன்னால் பதிலோடு சேர்த்து ஆளையும் எடுத்துக்கொள்ளும். தூத்துக்குடிக்கு வந்து அடுக்குமாடியில் ஏறிக்கொண்டால் மட்டும் அது தெரியாதா என்ன. கூப்பிடு, மறுபடி கூப்பிடு, காத்துக்கொண்டுதானே இருக்கிறேன். தொட்டில் கயிறு லேசாகக் கிறீச்சிட்டது, அது தம்பி புரண்டது. புறா ஒன்று சந்தில் சிறகடித்தது. பாத்ரூம் வாளியில் சொட்டு விழுந்தது. மறுபடி கூப்பிடவில்லை. உடம்பில் மயிர் ஒவ்வொன்றாக எழும்புவது எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் இன்னொன்று உறைத்தது, இந்தக் கட்டடத்தில் யாருக்கு அந்தப் பேர் தெரியும்? இங்கே நான் கனிஷ்காம்மா. அவருக்கு நான் ஏளா. மாமியாருக்கு நான் இந்தா. முப்பிடாதி என்கிற பேர் ஊரில் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டிக் கிடக்கிறது. அங்கே வைத்து அந்தப் பேரை முழுசாகச் சொன்னவள் ஒருத்திதான், உலகு அக்கா, அவளும் இப்போது சொல்வதில்லை.

அவளைக் கூப்பிட்டதும் இதே மாதிரி உச்சிவெயிலில்தான். நான் அப்போது ஒண்ணாப்பு. நானும் அம்மாவும் அக்காவும் மிளகாய் வத்தல் கிள்ளிக்கொண்டிருந்தோம், கதவு பாதி சாத்தியிருந்தது, பருத்திக்காட்டுப் பக்கமிருந்து உலகு என்று ஒரு குரல். அம்மா கையை நீட்டி வாயைப் பொத்துவதற்குள் அக்கா, "வாரேன்" என்று எழுந்துவிட்டாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். அம்மா பின்னால் போகவில்லை, போகக்கூடாது, பதில் சொன்னவள் பின்னால் போனால் போனவளும் சேர்த்தி. கொஞ்ச நேரம் கழித்து அதே பக்கத்திலிருந்து அம்மா என்று ஒரு குரல், அக்கா குரல் மாதிரியே. அம்மா என்னை மடியோடு அமுக்கி வாயைப் பொத்தினாள். "அது ஒங்க அக்கா கொரல்ல கூப்பிடுது, வாயத் தெறக்காத." அம்மாவின் உள்ளங்கையில் மிளகாய் நெடி, அது என் உதட்டில் எரிந்தது இன்றைக்கும் எரிகிறது. மறுபடி கூப்பிடுமா என்று காத்திருந்தோம். கூப்பிடவில்லை. வெயில் தாழ அக்கா அவளாகவே நடந்து வந்தாள், பாவாடை ஓரம் நனைந்து, ரெண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து. கிணறு, கிணறு என்றாள், அதற்கு மேல் பேச விடவில்லை. பேய் ஓட்டுகிற கோடங்கியைக் கூட்டி வந்து மூலையில் உட்கார வைத்து வேப்பங்குழையை எடுத்தார்கள். "யாரு நீ?" "நான் உலகம்மா." ஒரு அடி. "பொய் சொல்லாத, யாரு நீ?" "நான்தாம்மா, நான்தான்." இன்னொரு அடி. நான் என்று சொல்லும்போதெல்லாம் குழை விழுந்தது. எல்லாம் முடியும்போது அவள் சன்னமாகச் சொன்னாள், "அவள விட்டுருங்க, அவ போயிருதா." கோடங்கி உடுக்கையைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். அன்றையிலிருந்து அக்கா நான் என்று சொல்வதில்லை. அவளுக்குப் பசிக்கு, அவளுக்குக் காப்பி வேண்டாம், அவ துவைச்சிட்டா. தன்னைத்தான் சொல்கிறாள். சமைப்பாள், துவைப்பாள், களை எடுப்பாள், ஒரு குறையும் கிடையாது, ஆனால் அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும், போனவள் ஒருத்தி, வந்தவள் ஒருத்தி. அந்த வாரமே அதே கிணற்றில் கீழத்தெரு சுடலியக்கா மிதந்தாள். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் என்று சொன்னார்கள். அது ரெண்டு பேரைக் கேட்டது, ஒருத்தியை முழுசாக எடுத்துக்கொண்டு ஒருத்தியைப் பாதியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டது என்று ஊர் பேசியது. என் கல்யாணத்தன்றைக்கு வண்டி ஏறும்போது அக்கா என் காதில், "அவளுக்கு ஒரு தங்கச்சி இருந்தா" என்றாள். சிரித்த முகமாகவே வண்டி ஏறினேன், முதுகு மட்டும் சில்லென்று இருந்தது.

வெங்காயத்தை உரி. உரித்துக்கொண்டே இரு. ஹூ கால்ட் மீ, யார் கூப்பிட்டது என்னை. இதில் நான் மீ. கூப்பிட்டது என்மேல் விழுந்தது, நான் ஒன்றும் செய்யவில்லை, மீயாக இருக்கிறவரை எனக்கு ஒன்றும் ஆகாது. வாரேன் என்று சொன்னால்தான் ஐ ஆகிவிடுவேன், எழுந்து போகிறவள் ஆகிவிடுவேன். அப்படியே உட்கார்ந்திரு. அவர் வந்துவிடுவார், கனிஷ்கா ஷூவைப் போட்டுக்கொண்டு டக்டக்கென்று மாடிப்படி ஏறி வருவாள், கரண்ட் வந்துவிடும், டிவி கத்தும், எல்லாம் சரியாகிவிடும். எனக்குக் கேட்டது. அதை எப்படிச் சொல்வது, மீ ஹேர்ட் இல்லை, டீச்சர் அடிக்க வருவார், ஐ ஹேர்ட். நான் கேட்டேன். நம்ம பேச்சில் எனக்குக் கேட்டது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கலாம், சத்தம் பாட்டுக்கு வந்தது, காது பாட்டுக்கு இருந்தது, நடுவில் நான் யார். நான் கேட்டேன் என்று சொன்னால் அடுத்தாற்போல ஒரு கேள்வி நிற்கிறதே, கேட்டாயே, பிறகு என்ன செய்தாய்? இது என்ன வம்பு. கத்தியைக் கீழே வைத்தேன். கை ஈரமாக இருந்தது, வெங்காயச் சாறா வேர்வையா தெரியவில்லை. சந்துப்பக்கம் காதைக் கொடுத்தேன். ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைத்தான் தாங்க முடியவில்லை. யாரோ வாயைத் திறந்தபடி வைத்துக்கொண்டு சத்தம் போடாமல் இருக்கிற மாதிரி.

டீச்சருக்குத் தெரியும். என் பேர் டீச்சருக்குத் தெரியும். முதல் நாள் இங்கிலீஷ் கேட்டுப் போனபோது, வாட் இஸ் யுவர் நேம் என்று கேட்டு, நான் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னதும், "முப்பிடாதியா! இவ்ளோ நல்ல பேர எதுக்கு ஒளிச்சு வச்சிருக்கீங்க? தெருவுக்குத் தெரு கனிஷ்கா கெடைப்பா, முப்பிடாதிக்கு எங்க போறது" என்றாரே. ஆனால் கூப்பிடுவது கனிஷ்காம்மா என்றுதான். ஒருநாளும் பேர் சொன்னதில்லை. சொல்ல மாட்டார். டீச்சராக இருந்தால் மறுபடி கூப்பிட மாட்டாரா? பொறுமையே கிடையாது அவருக்கு, கதவைத் திறக்கக் கொஞ்சம் தாமதித்தால் கனிஷ்காம்மா கனிஷ்காம்மா என்று மணி அடிக்கிற மாதிரி அடித்துவிடுவார். அதனால் டீச்சர் இல்லை. அது தெரிந்தவர் குரலில்தான் வரும், அம்மா சொன்னாளே, அக்கா குரலில் வந்ததே. டீச்சர் இல்லை. உரி. எட்டு மாதம். காலையில் கால் வீங்கியிருக்கிறது என்று காட்டினார், விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. கரண்ட் இல்லை, பாத்ரூம் இருட்டாக இருக்கும். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன, பதில் சொல்லாமல், வாயைத் திறக்காமல், சும்மா இறங்கிப்போய்? அதுவும் பதில்தான். கால் எடுத்து வைத்தாலே பதில்தான், அக்காவும் காலைத்தானே எடுத்து வைத்தாள். தம்பியை விட்டுவிட்டுப் போக முடியாது, தூக்கிக்கொண்டு போனால் அவனையும் சேர்த்து. ஐயோ. நாளைக்குக் காலையில் கனிஷ்கா ஸ்கூலில் வைத்து, உங்கள் அம்மா எங்கே என்று யாராவது கேட்டு, நான் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, அவ வரல என்று சொன்னால்? அவளுக்குப் பசிக்கு என்று சொன்னால்? தூக்கிவாரிப் போட்டது. எழுந்துவிட்டேன் என்பது எழுந்த பிறகுதான் தெரிந்தது. மடியிலிருந்த தோலெல்லாம் தரையில் சிதறியது. பீரோ சாவிக்கொத்தை இடுப்பில் செருகினேன், இரும்பு இருக்கட்டும். தம்பியைத் தொட்டிலிலிருந்து வாரித் தோளில் போட்டேன். கதவைத் திறந்தேன். மாடிப்படி வெறிச்சென்று, வெள்ளை வெயில் கம்பி கம்பியாக விழுந்து கிடந்தது. வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் கட்டடமே எதிரொலிக்கிற மாதிரி, "வாரேன்!" என்று கத்திவிட்டேன்.

டீச்சர் வீட்டுக் கதவு காற்றுக்காக ஒருக்களித்து இருந்தது. பாத்ரூம் நிலைப்படியில் தலையும் உள்ளே உடம்புமாக ஒருக்களித்துக் கிடந்தார். வாளி கவிழ்ந்து, தண்ணீரில் சிவப்பு கரைந்துகொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. உதடு அசைந்துகொண்டே இருந்தது, மு, மு, என்று, சத்தம்தான் இல்லை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கை பாட்டுக்கு நடந்தது, எதிர்வீட்டு அண்ணனைக் கத்திக் கூப்பிட்டேன், அவர் நூற்றியெட்டுக்குப் போன் போட்டார், தம்பியை யார் கையிலோ கொடுத்தேன், டீச்சர் தலையை மடியில் வைத்து வாயில் தண்ணீர் தொட்டு வைத்தேன். வேனில் ஏற்றும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், பிடி இரும்பு மாதிரி இருந்தது, குரல் வெறும் காற்றாக வந்தது. "கூப்பிட்டுக்கிட்டேதான் கெடந்தேன். மொதத் தடவைதான் சத்தம் வந்துச்சு. அப்புறம் வாய்தான் அசையுது, கொரல் வரல. நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சிட்டேன்." எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். என் வீட்டுக்காரரும் கனிஷ்காவும் வந்து சேரும்போது ஆஸ்பத்திரியிலிருந்து எதிர்வீட்டு அண்ணனுக்குப் போன் வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லையாம், இப்போது ரெண்டு உயிரும் இருக்கிறதாம். கனிஷ்கா புது ஷூவோடு வீடு முழுக்க நடந்து காட்டினாள். "நல்லாருக்காம்மா?" நல்லாயிருக்கு. "பெறவு ஏன் அழுதே?" வெங்காயம் பிள்ளே. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார்.

கரண்ட் இன்னும் வரவில்லை. சுளகில் வெங்காயம் பாதி அப்படியே கிடக்கிறது. ஒரு தடவைதான் சத்தம் வந்தது. மனுசர் என்றால் மறுபடி கூப்பிடுவார்கள் என்று யார் சொன்னது, யார் கண்டுபிடித்தது, மறுபடி கூப்பிட முடியாத மனுசரைப் பற்றி ஒருத்தருக்கும் ஏன் தோன்றவில்லை. தண்ணீருக்குள் போகிற ஆள் எத்தனை தடவை கூப்பிடும்? சுடலியக்கா எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாள்? இந்த இடத்தில் வந்து நினைப்பு முட்டிக்கொண்டு நிற்கிறது, நகரமாட்டேன் என்கிறது. பாவாடை ஓரத்தில் ஈரம். கிணறு, கிணறு. உள்ளங்கை ரெண்டிலும் தோல் உரிந்து, கயிறு அறுத்த மாதிரி, மாதிரி என்ன மாதிரி, கயிறுதான். யாரு நீ, நான் உலகம்மா, ஒரு அடி. வாங்கிக் கட்டிக்கொள்கிறவள் மீ என்று காலையில் நான் சொன்னேனே, சொல்லிவிட்டுச் சிரித்தேனே. போனை எடுத்து ஊருக்கு அடித்தேன். அம்மாதான் எடுத்தாள். "யாரு?" நான்தாம்மா. "என்னட்டி இந்நேரத்துல?" அக்காட்ட குடு. "அவட்ட என்னத்தப் பேசப் போற?" குடும்மா. அந்தப் பக்கம் கோழி, அடுப்பில் எதுவோ கொதிக்கிற சத்தம், பிறகு மூச்சு. "அவ சாப்ட்டுட்டா" என்றாள் அக்கா, எப்போதும்போல, யாரும் கேட்பதற்கு முன்னால். அக்கா, அன்னைக்கு ஒன்னக் கூப்பிட்டது சுடலியக்காதான? மூச்சு நின்றது. போன் கட்டாகிவிட்டதோ என்று காதை விட்டு எடுத்துப் பார்த்தேன், இல்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"நான்" என்றாள். பூட்டிப்போட்ட வீட்டில் கதவு திறக்கிற மாதிரி ஒரு குரல். "நான் கயித்தப் போட்டேன். அவ பிடிச்சிட்டா. கனம் தாங்கல. நான் அம்மாவக் கூப்பிட்டேன். வாயத் தொறந்தா கை வழுக்குது, அதான் ஒரு தடவதான் கூப்பிட்டேன்." கோபமே இல்லை, அதுதான் என்னவோ செய்தது. "ஒங்களுக்குக் கேக்கலையாட்டி?"

என் உதட்டில் மிளகாய் எரிந்தது. எங்களுக்குக் கேட்டது என்று வாய்வரைக்கும் வந்தது, பசி வருகிற மாதிரி, தூக்கம் வருகிற மாதிரி, அது பாட்டுக்கு வந்து அது பாட்டுக்குப் போன மாதிரி. விழுங்கிவிட்டேன். "நாங்க கேட்டோம்க்கா. கேட்டுட்டு உக்காந்திருந்தோம்."

அக்கா ம் என்றாள். மொட்டைமாடியில் கனிஷ்காவின் ஷூ டக்டக்கென்று ஓடுகிறது. பிறகு, அத்தனை தூரத்திலிருந்து, பக்கத்துச் சந்திலிருந்து வருகிற மாதிரி, மத்தியானம் எந்தக் குரல் வந்ததோ அதே குரலில், "முப்பிடாதி" என்றாள், ஒரே ஒரு தடவை.

"வாரேன்க்கா" என்றேன்.